எண்பத்தேழில் ஒரு பங்கு

மீசை நரைத்த கனவான்கள் பலர், பகலெல்லாம் காரியாலயத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்து வீடு திரும்பிய பின்னர், மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி ஒன்றையும் பிடித்துக்கொண்டு, ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுள்ள சரக்கு வண்டிக்குக் கம்பியினால் ஏணிப்படி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கூறினால், நம்மவர்களில் பெரும்பாலோர் நகைப்பர். அமெரிக்காவில் இக்காட்சி சர்வசாதாரணம். சிலர் வீட்டின் நிலவறை முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கே மலையுண்டு, குகையுண்டு, பாலமுண்டு, ஸ்டேஷனுண்டு. நிமிஷம் தவறாமல் ரயில் வந்து போகும். இப்பொம்மை வேலையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவேண்டிய அவசியம் என்ன நேர்ந்தது என்று வாசகர்கள் வினவலாம். சில மாதங்களுக்கு முன்பு நாமும் அவ்வாறே வினவியிருப்போம்.

நெருங்கிய உறவினர் ஒருவர் அக்கரையிலிருந்து திரும்பியபோது ஒரு சிறு அட்டைப்பெட்டியை நம் மேஜை மீது வைத்துவிட்டுப் போனார். மிட்டாயாக இருக்கும் என்று திறந்தோம். உள்ளே ஒரு சரக்கு வண்டி, நூறு துண்டுகளாகக் கிடந்தது. அதைத் துண்டாகவே திருப்பிக் கொடுப்பது கௌரவக் குறைவு என்று தோன்றியதால் வேலையில் இறங்கினோம். அன்று தொடங்கிய வேலை இன்னும் முடிந்தபாடில்லை. வண்டிகள் மூன்றாகிவிட்டன, ஓர் எஞ்சினும் வந்து சேர்ந்துவிட்டது.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1891-ல் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி, லைப்ஸிக் நகரச் சந்தையில், பொம்மை ரயிலுக்கு இன்னின்ன அகலத் தண்டவாளம் என்று வகுத்துக் காட்டியது. அதுவரை ஒவ்வொருவன் செய்த பொம்மையும் அவனவன் தண்டவாளத்தில்தான் ஓடும். 1920-ல் இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்து ஹார்ன்பி தம் பொம்மை ரயில்களை வெளியிட்டார். அமெரிக்காவில் இன்று மிகப் பரவலாக வழங்குவது அசலில் ஓரடியை மூன்றரை மில்லிமீட்டராகக் குறுக்கும் அளவு. அதாவது எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆறடி ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பான். நாற்பதடிச் சரக்கு வண்டி பதினான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 1935-ல் மில்வாக்கி நகரில் இந்த மாதிரி ரயில்காரர்கள் ஒன்றுகூடித் தேசிய சங்கம் ஒன்றை நிறுவி, சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு, தண்டவாள இடைவெளி எவ்வளவு, கொக்கி எந்த உயரத்தில் என்பதையெல்லாம் நிர்ணயித்தார்கள். ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் வீட்டுத் தண்டவாளத்தில் தடையின்றி ஓடுவது அச்சங்கத்தின் புண்ணியம். வண்டியின் எடைக்குக்கூட விதியுண்டு: ஓர் அவுன்ஸ், அதன்மேல் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்திற்கும் அரை அவுன்ஸ். எடை குறைந்தால் வளைவில் கவிழும். மிகுந்தால் எஞ்சின் திணறும். நம் முதல் வண்டி, ஈயத்துண்டை ஒட்ட மறந்ததனால், முதல் வளைவிலேயே சாய்ந்தது.

நம் நாட்டு ரயிலை இவ்வளவில் செய்யப் புகுபவர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. கடைகளில் கிடைக்கும் தண்டவாளம் பதினாறரை மில்லிமீட்டர் அகலம். அது மேல்நாட்டு நாலடி எட்டரை அங்குலத்தின் குறுக்கம். நமது அகலப்பாதையோ ஐந்தடி ஆறங்குலம். கணக்குப்படி அது பத்தொன்பதே கால் மில்லிமீட்டராக இருக்கவேண்டும். ஆகவே பெரம்பூர்ப் பெட்டியை இருபத்துநாலரை சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை திருத்தமாகச் செய்தாலும், அதன் கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் ஒடுங்கியே நிற்கும். தண்டவாளத்தையும் சக்கரத்தையும் தாமே செய்துகொள்ளும் பிடிவாதக்காரர்களும் உண்டு. அவர்களை நாம் வணங்குகிறோம், பின்பற்றும் திராணி நமக்கில்லை. அமெரிக்க வண்டியையே செய்தோம்.

பெட்டியில் வந்த சரக்கு வண்டி 1940-களைச் சேர்ந்த அமைப்பு. அதன் கூரையின் நடுவே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு நடைபலகை ஓடுகிறது. இது எதற்கு என்று முதலில் விளங்கவில்லை. பின்னர் படித்தறிந்தபோது கை சற்று நின்றது. ஓடும் ரயிலின் கூரைமேல், பனியிலும் மழையிலும் இரவிலும், ஒரு மனிதன் அப்பலகையின் மீது நடந்து, வண்டிக்கு வண்டி தாவி, ஒவ்வொன்றின் முனையிலும் உள்ள சக்கரத்தைக் கையால் திருகிப் பிரேக் போடவேண்டும். ஓடும் வண்டிகளின்மேல் இவ்வேலை காற்றுப் பிரேக் பரவும் வரை நடந்தது. பலகையோ அதன் பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது. 1966-க்குப் பிறகுதான் புதிய வண்டிகள் அப்பலகையில்லாமல் வரத் தொடங்கின. ஆகையால் 1950-ஆம் வருஷத்து ரயிலைச் செய்பவன் பலகையை விட்டுவிட்டால் பொய் சொன்னவனாகிறான்; 1980-ஆம் வருஷத்தைச் செய்பவன் பலகையை வைத்தாலும் அப்படியே.

கொக்கியின் கதை இதைவிடக் கொடியது. பழைய நாளில் அமெரிக்க வண்டிகளை ஓர் இரும்பு வளையத்தையும் ஓர் ஆணியையும் கொண்டு பிணைப்பார்கள். எஞ்சின் பின்னோக்கி வர, இரு வண்டிகளுக்கும் நடுவே தொழிலாளி நின்று, வளையத்தைக் கையால் தூக்கிக் குறிபார்த்து நுழைத்து ஆணியைச் செருகவேண்டும். கண நேரம் தவறினால் விரல் போயிற்று, அல்லது கை போயிற்று, அல்லது ஆளே போய்விட்டான். விரல் குறைந்த கையைக் கண்டால் அனுபவசாலி என்று வேலைக்கு எடுப்பார்களாம். அலெக்ஸாண்டிரியா நகரத்தில் துணிக்கடையொன்றில் குமாஸ்தாவாக இருந்த ஈலை ஜானி என்பவர், மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் பேனாக்கத்தியால் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி ஒரு மாதிரியைச் செய்தார். மடக்கிய இரு விரல்கள் ஒன்றையொன்று பற்றுவதுபோல், வண்டிகள் மோதியவுடன் தாமே பூட்டிக்கொள்ளும் கொக்கி. 1873-ல் அவருக்குப் பேடண்ட் கிடைத்தது. ஆனால் கம்பெனிகள் அசையவில்லை. கொக்கி மாற்றச் செலவாகும். கை போன தொழிலாளிக்குப் பதில் வேறு தொழிலாளி கிடைப்பான். அயோவா மாகாணத்து லொரென்ஸோ காஃபின் போன்றவர்கள் பல்லாண்டுகள் ஊர் ஊராகக் கிளர்ச்சி செய்த பிறகே, 1893-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றித் தானியங்கிக் கொக்கியையும் காற்றுப் பிரேக்கையும் கட்டாயமாக்கியது. மாதிரி வண்டியில் நாம் மாட்டும் கொக்கி ஜானியின் கொக்கியே, நெல்மணி அளவில். அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைப் பொருத்துகையில் அது இடுக்கியிலிருந்து தெறித்து எங்கோ மறைந்துவிடும். நம் வீட்டுத் தரைவிரிப்பில் அத்தகைய சுருள்கள் மூன்று இன்னும் இருக்கின்றன.

வண்டியின் அடிப்பக்கத்தில் காற்றுத் தொட்டி, வால்வு, பிரேக் சிலிண்டர், அவற்றை இணைக்கும் குழாய்கள் ஆகியவற்றை ஒட்டவேண்டும். வண்டி தண்டவாளத்தில் நின்றபின் அவற்றை எவரும் காணப்போவதில்லை. இருந்தும் இத்தொழிலில் தேர்ந்தவர்கள் அவற்றை விடுவதில்லை. கலிபோர்னியாவில் மாண்டரே நகரத்தில் ஜான் ஆலன் என்றொருவர் இருந்தார். பளபளவென்ற பொம்மை ரயிலை வெறுத்து, துரு, புழுதி, புகைக்கரி, நைந்த மரம் ஆகியவற்றை வர்ணத்தினால் காட்டும் வித்தையை அவர்போல் பரப்பியவர் வேறில்லை. தரையிலிருந்து கூரை வரை மலைகளை எழுப்பி இருபது வருஷங்களுக்கு மேல் தம் இருப்புப்பாதையை அமைத்தார். 1973 ஜனவரியில் அவர் காலமானார். பத்து நாட்களுக்குள் அது தீப்பிடித்து அழிந்தது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர் எடுத்த புகைப்படங்களே. அவற்றைப் பார்ப்பவர்கள் முதலில் அசல் ரயில் என்றே மயங்குகிறார்கள்.

இனி எஞ்சின். இத்துறையில் நீராவி எஞ்சினுக்கு இருக்கும் பக்தி உலகறிந்தது. ஆனால் இப்போது வயது முதிர்ந்திருக்கும் அமெரிக்கர்கள் சிறுவயதில் வேலியோரம் நின்று கண்டது நீராவியை அன்று, டீஸலை. ஆகவே பழைய டீஸல் எஞ்சின்களைப் பற்றிய ஞாபகமே இன்று அவர்கள் மேஜைகளை நிறைத்திருக்கிறது. நீராவியைக் கொன்ற பாவி என்று ஒரு காலத்தில் தூற்றப்பட்ட டீஸல், தானே பழம்பொருளாகிப் பரிதாபத்துக்குரியதாகிவிட்டது.

அது எப்படி வந்ததென்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். 1934 மே 26-ல் பர்லிங்டன் கம்பெனியின் 'ஸெஃபிர்' என்ற துருவேறா எஃகு ரயில், 600 குதிரைச் சக்தியுள்ள டீஸல் எஞ்சினைக்கொண்டு, டென்வரிலிருந்து சிக்காகோ வரை 1,015 மைலை எங்கும் நில்லாமல் 13 மணி 5 நிமிஷத்தில் கடந்தது. இது பிரயாணிகளுக்கான வேடிக்கை, சரக்கை இழுக்க நீராவிதான் வேண்டும் என்றார்கள். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த எலக்ட்ரோ மோட்டிவ் ஸ்தாபனம் 5,400 குதிரைச் சக்தியுள்ள நாலு கட்டு எஞ்சினொன்றைச் சரக்கு ரயிலுக்கென்றே செய்து, 11 மாதங்கள், 20 ரயில்வேக்களில், 35 மாகாணங்களில், 83,764 மைல் ஓட்டிக் காட்டியது. அதன்பின் வாதத்துக்கு இடமில்லை. நீராவி எஞ்சினுக்கு வழியெல்லாம் தண்ணீர் வேண்டும், கரி வேண்டும், சாம்பலை வாரவேண்டும், கொதிகலனை அடிக்கடி கழுவவேண்டும். எரிந்த கரியின் சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட இழுப்பு வேலைக்குப் பயன்பட்டதில்லை. டீஸலோ எண்ணெயைச் சிலிண்டருக்குள்ளேயே எரித்து, டைனமோவைச் சுற்றி, அந்த மின்சாரத்தை இருசுகளின்மேலுள்ள மோட்டார்களுக்கு அனுப்புகிறது. இருபது வருஷத்திற்குள் அமெரிக்கப் பெரும்பாதைகளில் நீராவி மறைந்தது.

நாம் செய்துகொண்டிருக்கும் எஞ்சின் ஆல்கோ கம்பெனியுடையது. இக்கம்பெனியின் சரித்திரத்தைத் தொழில்நாட்டமுள்ளவர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். நியூயார்க் மாகாணத்தில் ஷெனெக்டாடி நகரத்தைத் தலைமையிடமாகக்கொண்டு 1901-ல், எட்டு எஞ்சின் கம்பெனிகள் ஒன்றாகி அமைந்தது. எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட எஞ்சின்களை அது செய்தது. 1941-ல் 'பிக் பாய்' என்ற பிரம்மாண்டமான நீராவி எஞ்சின்களைச் செய்த கைகள் அதனுடையவையே. அதே வருஷத்தில் யார்டிலும் வேலை செய்யும், பாதையிலும் ஓடும் என்ற இருவகைப் பயனுள்ள டீஸலையும் அது முதன்முதல் வெளியிட்டது. அவற்றில் 13 எஞ்சின்களை யுத்தகாலத்தில் ராணுவம் எடுத்துக்கொண்டு ஆறு மோட்டார்கள் பூட்டிப் பாரசீக ரயில்வேக்கு அனுப்பியது. ஆகவே ஆல்கோவுக்குத் திறமை குறைவில்லை. ஆனால் யுத்தத்தில் அது டாங்கியும் நீராவியும் செய்துகொண்டிருக்க, பெரிய சரக்கு டீஸல்களைச் செய்யும் பாக்கியம் எலக்ட்ரோ மோட்டிவுக்குப் போய்ச் சேர்ந்தது. யுத்தம் முடிந்ததும் போட்டியைச் சமாளிக்க அவசரம் அவசரமாக வெளியிட்ட புதிய இயந்திரம் கோளாறுகளால் பெயரைக் கெடுத்துக்கொண்டது. அதைத் திருத்தி 251 என்ற எண்ணுள்ள உறுதியான இயந்திரத்தை 1950-களில் அது செய்து முடித்தபோது, வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

இதைவிட முக்கியமான மற்றொரு விஷயமுண்டு. ஆல்கோ எஞ்சினின் டைனமோவும் மோட்டாரும் அதனுடையவையல்ல. அதே ஷெனெக்டாடி நகரத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி செய்து கொடுத்தவை. 1953-ல் இருவரது கூட்டு முறிந்தது. 1960-ல் ஜெனரல் எலக்ட்ரிக் தானே முழு எஞ்சினைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது. எஞ்சினின் உயிர்நாடியான மின்சாரப் பாகத்துக்குப் போட்டிக்காரனிடமே கையேந்தவேண்டிய நிலைமையில் ஆல்கோ சில வருஷங்களே தாங்கியது. 1969-ல் ஷெனெக்டாடியில் எஞ்சின் செய்வது நின்றது.

ஆயினும் ஆல்கோ அத்தோடு மடியவில்லை என்பதை நாம் சற்றுப் பெருமிதத்தோடு சொல்லலாம். 1960-களின் தொடக்கத்தில் இந்திய ரயில்வேயார் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு காசியில் டீஸல் தொழிற்சாலையை நிறுவினார்கள். அகலப்பாதைக்கு 2,600 குதிரைச் சக்தியுள்ள டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் 1962-ல் முதலில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1964 முதல் காசியிலேயே உருவாயிற்று. தாய்க் கம்பெனியின் கதவு சாத்தப்பட்டபின்பும் அதன் 251 இயந்திரம் காசியில் பல பத்தாண்டுகள் பிறந்துகொண்டே இருந்தது. 1998-க்குள் அந்த ஒரு ரகம் மட்டும் 2,600-க்கு மேல் ஓடின. பன்னிரண்டு சிலிண்டருக்கும் பதினாறு சிலிண்டருக்கும் வேண்டிய சாமானை நாமே வார்க்கவும் கடையவும் கற்றோம். மீட்டர் பாதைக்கு அதன் தம்பியான ஒய்.டி.எம்.4 வந்தது. பொன்மலையில் பராமரிக்கப்பட்ட அவ்வெஞ்சின்களைத் தென்பாண்டி நாட்டில் ரயிலேறிய எவரும் மறந்திருக்கமாட்டார்கள். நின்ற இடத்தில் 'தக்-தக்' என்று நெஞ்சு துடிப்பதுபோல் துடிக்கும். டிரைவர் கைப்பிடியை முன்தள்ளியதும் கரும்புகையைப் பனைமர உயரத்துக்குக் கக்கும். காற்றைத் திணிக்கும் டர்போ யந்திரம் வேகம் பிடிப்பதற்குள் எண்ணெய் முந்திக்கொள்வதே அப்புகைக்குக் காரணம். ஆல்கோக்களைக் 'கௌரவ நீராவி எஞ்சின்' என்று அமெரிக்கர்கள் கேலியாக அழைப்பதுண்டு. நம் ஊரில் புகையை யாரும் கேலி செய்யவில்லை. வெள்ளை வேட்டிக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். இன்று அகலப்பாதையின் பெரும்பகுதியும் மின்சாரமயமாகிவிட்டது. காசித் தொழிற்சாலையின் பெயரிலிருந்த 'டீஸல்' என்ற சொல்லே 2020-ல் எடுக்கப்பட்டுவிட்டது. எனவே நம் நாட்டிலும் டீஸலை நினைத்து ஏங்கும் தலைமுறை ஒன்று தயாராகிவிட்டது.

இதுவரை எழுதியதெல்லாம் இன்பமான ஞாபகம். எஞ்சின் மாதிரி முடியும் தறுவாயில்தான் நாம் எதிர்பாராத கேள்வி ஒன்று எழுந்தது.

நம் எஞ்சின் 1950-களின் முற்பகுதியைச் சேர்ந்த 1,600 குதிரைச் சக்தியுள்ள ஆர்.எஸ்.3. அதன் பக்கவாட்டில் ஒட்டவேண்டிய பெயர், அமெரிக்கத் தென்மாகாணங்களில் ஓடிய லூயிவில் அண்டு நாஷ்வில் ரயில்வேயினுடையது. உள்ளே உட்கார்த்துவதற்கு இரண்டு மனிதர்கள், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று உயரமானவர்கள், வர்ணம் பூசப்படாமல் வந்திருந்தார்கள். ஒருவன் டிரைவர், மற்றொருவன் பையர்மேன். டிரைவருக்கு நீலச் சட்டையும் வெள்ளை முகமும் பூசியாயிற்று. பையர்மேன் முகத்துக்கு எந்த வர்ணம்? இவ்வளவு திருத்தமாகப் பிரேக் குழாயை ஒட்டியவன் இதில் மட்டும் ஊகித்துவிட முடியுமா? அந்த ரயில்வேயின் சரித்திரத்தைத் தேடினோம்.

நீராவி நாளில் தென்மாகாணங்களில் கரி அள்ளிப் போடும் பையர்மேன் வேலையில் கறுப்பு இனத்தார் ஏராளமாக இருந்தனர். உஷ்ணமும் கரியும் நிறைந்த வேலை; வெள்ளையர் பலர் அதை விரும்பவில்லை. வெள்ளைப் பையர்மேன் நாளடைவில் டிரைவராகலாம். கறுப்பர் ஆயுள் முழுதும் கரியே அள்ளவேண்டும். டிரைவர் பதவி அவர்களுக்கு மூடிய கதவு. பிறகு இயந்திரமே கரி தள்ளும் ஏற்பாடு வந்தது. அதன்பின் டீஸல் வந்தது. டீஸலில் பையர்மேன் கரியைத் தொடவேண்டியதில்லை. சுத்தமான ஆசனத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரலாம். வேலை லேசானவுடன் அது வெள்ளையருக்கு உரிய வேலையாகிவிட்டது! பையர்மேன் சங்கம் கறுப்பர்களை அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை. ஆனால் சட்டப்படி கறுப்பர்களுக்கும் சேர்த்துக் கம்பெனிகளோடு பேச்சு நடத்தும் உரிமை அதற்கே இருந்தது. 1940 மார்ச்சில் அச்சங்கம் தென்கிழக்கில் 21 ரயில்வேக்களுக்கு நோட்டீஸ் கொடுத்தது: பதவி உயர்வுக்கு உரியவர்களுக்கே இனி பையர்மேன் வேலை தரவேண்டும் என்பது கோரிக்கை. உரியவர் என்றால் வெள்ளையர் என்று அர்த்தம். 1941 பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்படிக்கை, எந்தப் பிரிவிலும் கறுப்பர் பாதிக்குமேல் இருக்கலாகாதென்றது.

அலபாமா மாகாணத்தில் இதே லூயிவில் அண்டு நாஷ்வில் ரயில்வேயில் பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்ற கறுப்பர், பிரயாணி ரயிலில் நல்ல வேலையில் இருந்தார். அவரும் அவரோடிருந்த கறுப்பர்களும் அகற்றப்பட்டனர். சர்வீஸில் அவர்களைவிட இளையவர்களான, திறமையில் எவ்விதத்திலும் மேம்படாத நாலு வெள்ளையர் அவ்விடத்தில் அமர்ந்தனர். ஸ்டீல் 16 நாள் வேலையின்றி இருந்து, பிறகு கடினமான சரக்கு ரயிலுக்கும் அதற்குப்பின் யார்டு எஞ்சினுக்கும் தள்ளப்பட்டார். அவர் சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடர்ந்தார். சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற கறுப்பு இனத்து வக்கீல் அவருக்காக வாதாடினார். அலபாமா நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. 1944 டிசம்பர் 18-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஒரு தொழிலைச் சேர்ந்த அனைவருக்கும் பிரதிநிதியாகச் சட்டம் அதிகாரம் கொடுத்த சங்கம், அவர்களில் ஒரு சாராரை இனத்தைக் காரணமாக்கி வஞ்சிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அவர்களைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று அத்தீர்ப்பு கூறவில்லை. தொழிற்சங்கங்களில் பாடுபடுபவர்கள் இவ்வழக்கை அறிந்திருத்தல் அவசியம். தொழிலாளர் ஒற்றுமை என்ற பெயரால் தொழிலாளியின் சோற்றில் தொழிலாளியே மண்போட்ட சந்தர்ப்பம் இது. முதலாளியும் அதில் கையெழுத்திட்டான்.

இதன் விசித்திரமான முடிவையும் கூறவேண்டும். இவ்வளவு போராடிப் பிடித்துக்கொண்ட அந்த ஜன்னலோர ஆசனத்தை டீஸல் நெடுநாள் விட்டுவைக்கவில்லை. கரியில்லாத எஞ்சினில் பையர்மேனுக்கு என்ன வேலை என்று கம்பெனிகள் கேட்டன. வேலைநிறுத்தம் மூளும் நிலையில் 1963 ஆகஸ்டில் காங்கிரஸ் குறுக்கிட்டு மத்தியஸ்தத்துக்கு விட்டது. நவம்பரில் மத்தியஸ்தர்கள், சரக்கு ரயில்களிலும் யார்டுகளிலும் பையர்மேன் இடங்களில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துவிடலாம் என்றார்கள். வெள்ளையரும் எழுந்து போனார்கள்.

நம் ஆர்.எஸ்.3 எஞ்சின் 1963-க்கு முற்பட்டது. ஆகவே பையர்மேன் ஆசனம் காலியாக இருக்கமுடியாது. சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பிற்பட்டது. ஆகவே கறுப்பர் ஒருவர் அதில் இருந்திருக்கலாம். இருந்தாரா என்பதைக் காட்டும் படத்துக்காகக் கிடைத்த பழைய புகைப்படங்களையெல்லாம் புரட்டினோம். எஞ்சின்களை நூற்றுக்கணக்கான படங்களில் எடுத்திருக்கிறார்கள். எண் தெரிகிறது, துரு தெரிகிறது, ஆணித்தலைகூட எண்ணலாம். ஜன்னலுக்குள் பெரும்பாலும் இருட்டாக இருக்கிறது.

ரயில்வேயில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். நீராவியில் பையர்மேனாகச் சேர்ந்து டீஸலில் டிரைவராக முடித்தவர். எஞ்சினைப் பார்க்க வந்தார். கையில் எடுத்துத் திருப்பி, அடியைப் பார்த்து, மோட்டார் இருசு எங்கே என்று கேட்டார், காட்டினோம். பிறகு வர்ணம் பூசாத அந்த ஆளைப் பார்த்து, "இவர் ஏன் இன்னும் டியூட்டிக்கு வரவில்லை?" என்றார். ஸ்டீலின் கதையைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "கரி அள்ளினவனுக்குத்தான் ஐயா அந்த சீட்டு" என்று சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த சிறு தூரிகையை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

கறுப்பும் செம்பழுப்பும் கலந்து பூசினோம். காய ஒரு ராத்திரி ஆகும் என்று டப்பியின்மேல் எழுதியிருக்கிறது.